அட்டவணையில் இல்லாத வரி

"சோதித்துப் பார்த்தாயிற்று, எல்லாம் சரியாக இருக்கிறது" என்று யாராவது சொன்னால் எனக்கு இன்றைக்கும் குமட்டிக்கொண்டு வரும். எதை வைத்துச் சோதித்தீர்கள் என்று கேட்டால் ஒரு காகிதத்தைக் காட்டுவார்கள். அந்தக் காகிதத்தை எழுதியது யார் என்று கேட்டால், பெட்டியைச் செய்தவரேதான். தானே கேள்வி எழுதி, தானே விடை எழுதி, தானே நூற்றுக்கு நூறு போட்டுக்கொண்டு நெஞ்சை நிமிர்த்தி நடக்கிற ஆட்களோடு இளமையில் பாதியைக் கழித்தவள் நான். அவர்களில் ஒருவரைப் பற்றித்தான் இதை எழுதுகிறேன்.

எழுபதுகளின் கடைசி. பாலக்காட்டுக்குக் கிழக்கே ஒரு பழைய நெல் கிடங்கை வாடகைக்குப் பிடித்து ஒரு சின்னக் கம்பெனி நடந்தது. மோட்டாரை எப்போது ஓட்ட வேண்டும், எப்போது நிறுத்த வேண்டும் என்று பார்த்துக்கொள்ளும் கட்டுப்பாட்டுப் பெட்டிகள் செய்வதுதான் தொழில். அதுவரை ரிலே என்கிற மின்காந்த சுவிட்சுகளை வைத்துச் செய்தார்கள். மைக்ரோபிராசசர் என்கிற சில்லு கைக்கு வந்ததும், ரிலேயெல்லாம் மாட்டு வண்டிக் காலத்துச் சங்கதி என்று பேச ஆரம்பித்தார்கள். நான் சித்தூர்ப் பக்கத்துக்காரி, எலக்ட்ரானிக்ஸ் டிப்ளமோ படித்தவள். செய்து முடித்த பெட்டியைச் சோதிப்பது என் வேலை. சேர்ந்த அன்றைக்கு முதலாளி அந்த வேலையை எனக்கு விளக்கினார். அரிசியில் கல் பொறுக்குவதுபோலத்தானாம், பெண்களுக்குக் கைவந்த கலையாம். அவர் வீட்டு அரிசியில் கல் பொறுக்கியது யார் என்று கேட்கத் தோன்றியது. முதல் நாள் என்பதால் கேட்கவில்லை.

பெட்டிக்குள் ஓடும் புரோகிராமை எழுதியவர் கல்பாத்தி அக்ரஹாரத்தில் பிறந்து, சில வருஷம் பம்பாயில் வேலை பார்த்துத் திரும்பியவர். திரும்பி வந்தது எங்களுக்குச் செய்த உபகாரம் என்பது அவர் எண்ணம். பம்பாயில் அப்படி, பம்பாயில் இப்படி என்று தொடங்காமல் அவரால் ஒரு வாக்கியம் பேச முடியாது. புரோகிராமைச் சில்லில் ஏற்றி முடித்ததும், அதன் மேலிருக்கும் சின்னக் கண்ணாடி ஜன்னல் வழியாக வெயில் பட்டு எழுதினது அழிந்துவிடாமல் இருக்க ஒரு கறுப்புத் தாளை ஒட்டுவார். அந்த ஒரு நிமிஷம் மட்டும் அவர் முகத்தில் பக்தி தெரியும். மற்ற நேரமெல்லாம் அவசரம்தான். மின்விசிறி சுவிட்சைப் போட்டுவிட்டு, அது சுற்ற ஆரம்பிப்பதற்குள் அணைத்துவிட்டு மறுபடியும் போடுகிற மனிதர். எதற்கும் காத்திருக்கிற பொறுமை அவருக்குப் பிறவியிலேயே கிடையாது.

எங்களுக்கு ஒரு பெரிய ஆர்டர் வந்தது. குமுளிக்கு அப்பால் ஒரு தேயிலை எஸ்டேட். கொழுந்து பறிக்கிற காடுகள் பள்ளத்தில், ஃபாக்டரி மேட்டில். பள்ளத்தில் கொழுந்து நிறுக்கிற தகரக் கொட்டகையிலிருந்து ஃபாக்டரி வரைக்கும் ஆகாயத்தில் கம்பி கட்டி, அதில் ஒரு இரும்புக் கூண்டைத் தொங்கவிட்டு, மூட்டைகளை மேலே இழுப்பார்கள். எஸ்டேட்டில் அதற்கு ரோப் என்று பெயர். கீழே ஒருவன் பொத்தானை அமுக்கி மணி அடிப்பான். மேலே மோட்டார் பக்கத்தில் ஒருவன் அதைக் கேட்டு ஓட்டுவான். ஒரு மணி அடித்தால் நிறுத்து, இரண்டு மணி அடித்தால் ஏற்று, மூன்று மணி அடித்தால் இறக்கு. மேலே இருந்தவன் வயதாகி வேலையிலிருந்து நின்றான். அவன் இடத்தில்தான் எங்கள் பெட்டி உட்காரப் போகிறது.

பெட்டி எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று தெரிந்துகொள்ள நம் பம்பாய்க்காரர் எஸ்டேட்டுக்குப் போனார். பங்களாவில் மேனேஜரோடு உட்கார்ந்து டீ குடித்தார். எத்தனை மணி அடித்தால் என்ன என்கிற கணக்கை மேனேஜர் சொன்னார், இவர் எழுதிக்கொண்டார். இரண்டு பேரில் ஒருவராவது எழுந்து பள்ளத்துக்கு இறங்கிப் பார்த்திருக்க வேண்டாமா? வழியெல்லாம் அட்டையாம். அட்டைக்குப் பயந்து பங்களாவிலேயே ரோப்பைப் பார்த்து முடித்துவிட்டுத் திரும்பினார்.

திரும்பி வந்து ஒரு அட்டவணை போட்டார். அது அழகான அட்டவணை, அதை நான் மறுக்க மாட்டேன். ரோப்புக்கு மூன்று நிலை: நிற்கிறது, ஏறுகிறது, இறங்குகிறது. ஒவ்வொரு நிலையிலும் ஒரு மணி வந்தால் என்ன, இரண்டு வந்தால் என்ன, மூன்று வந்தால் என்ன என்று கட்டம் கட்டி எழுதியிருந்தார். நிற்கும்போது இரண்டு மணி வந்தால் ஏற வேண்டும். ஏறும்போது ஒரு மணி வந்தால் நிற்க வேண்டும். நிற்கும்போது ஒரு மணி வந்தால் நின்றபடியே இருக்க வேண்டும். பெட்டி இந்தக் காகிதம் சொல்கிறபடி நடக்கிறதா என்று பார்ப்பதுதான் சோதனை. யோசனை நல்ல யோசனைதான். பெட்டியைத் திறந்து பார்க்கத் தேவையில்லை. வெளியிலிருந்து மணி அடி, என்ன செய்கிறது என்று பார், காகிதத்தோடு ஒப்பிடு, அவ்வளவுதான்.

கிடங்கில் மோட்டாருக்குப் பதிலாகப் பல்புகளை மாட்டினோம். பச்சை எரிந்தால் ஏற்றம், சிவப்பு எரிந்தால் இறக்கம், மஞ்சள் எரிந்தால் நிற்கிறது. சோதனை நடந்த விதத்தைச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் எல்லாக் கேடும் அதில்தான் இருந்தது. அட்டவணையைக் கையில் வைத்துக்கொண்டு அவர் வரி வரியாக உரக்கப் படிப்பார். நான் பொத்தானை அமுக்குவேன். பல்பு மாறும். அவர் டிக் போட்டுவிட்டு "அடுத்தது" என்பார். அந்தச் சொல் வந்த பிறகுதான் நான் மறுபடி கை வைக்க வேண்டும். ஊரில் எதற்கும் காத்திருக்காத மனிதர் இந்த ஒரு இடத்தில் மட்டும், டிக் போடுகிற சுகத்துக்காக, பல்பு மாறும்வரை காத்திருந்தார்.

மணி அடித்தவுடனே பெட்டி மோட்டாரை ஓட்டிவிடாது. அடித்தது இரண்டா மூன்றா என்று எண்ணி முடிக்கக் கொஞ்சம் பொறுக்க வேண்டும். அதோடு, மேலே ஃபாக்டரியில் இருப்பவர்கள் விலகிக்கொள்ள ஒரு சைரன் ஊதும். அது ஊதி ஓய்ந்த பிறகுதான் மோட்டார் ஓடும். ஒரு நெடுமூச்சு விடுகிற நேரம் பெட்டி சும்மா இருக்கும். எனக்கு அந்தச் சும்மா இருப்பதுதான் உறுத்தியது. அப்போது ரோப் எந்த நிலையில் இருக்கிறது? நிற்கிறதா, ஏறுகிறதா? அட்டவணையில் அதற்குக் கட்டமே இல்லை. பெட்டி ஒன்றும் செய்யாமல் இருப்பதும் எதிரில் நிற்பவனுக்கு ஒரு பதில்தானே. அந்தப் பதிலைப் பார்த்து அவன் ஏதாவது செய்வானே.

ஒரு தடவை "அடுத்தது" என்று அவர் சொல்வதற்குக் காத்திராமல் அமுக்கினேன். இரண்டு மணி அடித்தேன். பல்பு மாறும் முன்பே, அந்த இடைவெளியில், இன்னொரு மணி அடித்தேன். சிவப்பு எரிந்தது. ஏறச் சொல்லி, பிறகு நில் என்று சொன்னால், பெட்டி இறங்கப் போகிறது. இரண்டையும் ஒன்றையும் கூட்டி மூன்று என்று எடுத்துக்கொண்டிருக்கிறது. நான் அவரிடம் காட்டினேன். அவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"டேபிள்ல இல்லாத வரிக்கு ஜவாப் கிடையாதாக்கும். நீ அவசரப்பட்டுப் பொத்தானை அமர்த்தினே, அவ்வளவேதான் உள்ளு."

முதலாளியிடம் போனேன். இல்லாததை எதற்குத் தேடுகிறாய், இருப்பதைச் சோதித்தால் போதும் என்றார் அவர். சோதனை அறிக்கையில் அந்த ஒரு தடவைக்கு எதிரே நம் பம்பாய் ஆள் "ஆபரேட்டரின் தவறு" என்று எழுதினார். அந்தப் பட்டம் முதலில் கிடைத்தது எனக்குத்தான். மற்ற எல்லா வரிக்கும் டிக். பெட்டி அட்டவணைக்கு அச்சுப் பிசகாமல் ஒத்துப்போகிறது என்று கீழே கையெழுத்துப் போட்டார். முதலாளியும் போட்டார். நான் மாட்டேன் என்றேன். நீ போடாவிட்டாலும் பரவாயில்லை என்று அவர்கள் சொன்னது எனக்கு வசதியாகப் போயிற்று.

தேங்காய் உடைத்து, எஸ்டேட் சர்ச் பாதிரியாரைக் கூப்பிட்டுத் தீர்த்தமும் தெளிக்க வைத்து, பெட்டியை மாட்டிவிட்டு வந்தார்கள். வெயில் காலம் முழுக்க அது நன்றாக ஓடியது. பம்பாய்க்காரர் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு திரிந்தார். மழை பிடித்த பிறகு எஸ்டேட்டிலிருந்து தந்தி வந்தது. ரோப் தப்பான பக்கம் ஓடி ஒரு பெண்ணுக்குத் தோளில் அடி. விசாரணை வைத்திருக்கிறார்கள். பெட்டி சரியாக இருக்கிறது என்று சாட்சி சொல்ல ஆள் வேண்டும். முதலாளிக்கு இடுப்புப் பிடிப்பு வந்துவிட்டது, எப்போதும் இப்படிப்பட்ட சமயத்தில் வருவதுதான். பம்பாய்க்காரர் கிளம்பினார். கருவிப் பையைத் தூக்கவும் கம்பி பிடிக்கவும் ஒரு ஆள் வேண்டுமென்று என்னையும் கூட்டிக்கொண்டார்.

கம்பம் டவுனிலிருந்து மலையேறுகிற பஸ்ஸில் வழிநெடுக அவர் எனக்குப் பாடம் எடுத்தார். விசாரணையில் நான் வாயைத் திறக்கக் கூடாதாம். மூன்று மணி அடித்தால்தான் ரோப் இறங்கும், ரோப் இறங்கியிருக்கிறது, ஆகவே அவன் மூன்று மணி அடித்திருக்கிறான். கணக்கு முடிந்தது என்றார். குமுளியில் இறங்கி ஓட்டலுக்குள் போனோம். காபி என்றார். சர்வர் தலையாட்டிவிட்டு உள்பக்கம் திரும்புவதற்குள் மறுபடியும் காபி என்று சத்தம் போட்டார். இரண்டு காபி வந்தது. யார் இரண்டு கேட்டது என்று அதற்கும் சண்டை பிடித்தார். எனக்குப் பசி, அந்த இரண்டாவது காபியை நான் குடித்தேன்.

மணி அடிக்கிற ஆளைப் பற்றி நல்லதாக ஏதாவது சொல்ல முடியுமா என்று யோசித்துப் பார்க்கிறேன், முடியவில்லை. வாயைத் திறந்தால் தற்பெருமை. தான் இல்லாவிட்டால் ஃபாக்டரியில் ஒரு கொழுந்துகூடத் தேயிலையாகாது என்பான். ஒரு தடவை வழிமறித்த கொம்பன் யானையை மணி அடித்தே விரட்டினானாம். பெட்டி வந்த நாளிலிருந்து அதை வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டிருந்தான். அதன் தலையில் எலுமிச்சையும் மிளகாயும் கோத்துக் கட்டியதும் அவன்தான். சாராயம் உண்டு. யூனியன்காரரையே ஒருமுறை எல்லார் முன்னாலும் கேவலமாகப் பேசிவிட்டதால், அவன் பக்கம் பேச யூனியனிலிருந்தும் நாதியில்லை. இப்படிப்பட்ட ஒருவன்மேல் பழியைப் போடுவதுபோலச் சுலபமான காரியம் வேறு கிடையாது.

அடிபட்டது அவன் மனைவி. அதுதான் விஷயத்தை இன்னும் கெடுத்தது. குடித்துவிட்டுப் பெண்டாட்டி தோளை உடைத்தவன் என்று தொழிலாளர் வீடுகள் வரிசையாக இருக்கிற லயம் முழுக்கப் பேச்சாகிவிட்டது. விசாரணையில் குற்றம் உறுதியானால் அவனுக்கு வேலை போகும். வேலை போனால் லயத்து வீடும் போகும். கையைத் துணித் தொட்டிலில் கட்டிக்கொண்டு அவளும், பள்ளிக்கூடம் போகிற இரண்டு பிள்ளைகளும், மழை விடும் முன்பே தெருவில் நிற்க வேண்டும். இதற்கெல்லாம் ஆதாரம், எங்கள் டிக் போட்ட காகிதம்.

விசாரணை எஸ்டேட் ஆபீசில் நடந்தது. மேனேஜர் நாற்காலியில், நம் ஆளும் நாற்காலியில். நான் கருவிப் பையோடு சுவரோரம் நின்றேன். மணிக்காரன் கையைக் கட்டிக்கொண்டு வாசற்படிக்கு வெளியே நின்றான். மேனேஜர் அட்டவணையைப் புரட்டிப் பார்த்து, இங்கிலீஷில் இரண்டு தடவை பிரமாதம் என்றார். இப்படி ஒரு காகிதம் எல்லா இலாகாவிலும் இருந்தால் பொய் சொல்கிறவர்கள் பிழைக்க முடியாது என்றார். நம் ஆள் இன்னொரு சிறப்பையும் எடுத்துச் சொன்னார். கூண்டு இறங்கிக் கீழ்க்கோடியில் நட்டிருக்கிற முட்டுக்கட்டைக்குப் பக்கத்தில் வந்தால் மோட்டாரைத் தானாக நிறுத்த ஒரு சுவிட்ச் உண்டு. அது அன்றைக்குச் சரியாக வேலை செய்திருக்கிறது, அதுவும் அட்டவணைப்படியே என்றார். அந்தச் சுவிட்ச் நிறுத்துவதற்குள் கூண்டுக்கும் கட்டைக்கும் நடுவில் ஒரு மனுஷியின் தோள் இருந்தது. அந்தத் தோளுக்கும் சேர்த்து டிக் போட்டார்.

கடைசியில் மணிக்காரனைப் பேசச் சொன்னார்கள். எப்போதும் ஊரைக் கூட்டுகிறவன் அன்றைக்குச் சின்னக் குரலில் சொன்னான்.

"நா மூணு அடிக்கல தொரை. ரெண்டு அடிச்சேன். கேட்டுச்சா இல்லையான்னு பெறவு ஒண்ணு அடிச்சேன்."

இரண்டும் ஒன்றும் எவ்வளவு என்று மேனேஜர் கேட்டார். நம் ஆள் சிரித்தார். மூன்று என்று குமாஸ்தா சொன்னான். சிரிக்கத் தெரிந்த எல்லாரும் சிரித்தார்கள். அன்றைக்குக் குடித்திருந்தாயா என்று அடுத்த கேள்வி. இல்லை என்றான். அதற்கும் சிரிப்பு. மற்ற நாளெல்லாம் குடித்துவிட்டும் ஒழுங்காக அடித்தோம், குடிக்காத நாளில் மாட்டிக்கொண்டோமே என்கிற அவமானம் அவன் முகத்தில் அப்படியே தெரிந்தது.

சாப்பாட்டுக்குக் கலைந்தபோது நான் லயத்துக்குப் போனேன். எனக்கு அவன்மேல் இரக்கமெல்லாம் கிடையாது. அந்தச் சிரிப்பைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. அவன் மனைவி கட்டிலில் சாய்ந்திருந்தாள். ஆனைக்கரையில் ஏலக்காய்க் காட்டில் வேலை பார்த்த குடும்பத்துப் பெண். கழுத்தில் ஜெபமாலை, பேச்சில் ஒரு வெடுக்கு. அவளை யாரும் விசாரணைக்குக் கூப்பிடவில்லை, பெண்டாட்டி சாட்சி சாட்சியாகாதாம். அன்றைக்கு என்ன கேட்டது என்று கேட்டேன்.

"ரெண்டு விழுந்துச்சும்மா. அப்புறம் சத்தமே இல்ல. பெறவு ஒண்ணு விழுந்துச்சு. கூண்டுக்குப் பின்னால நின்னது நானு, எனக்குத் தெரியாதா?"

அந்த ஒரு மணி எதற்கு என்று கேட்டேன். இதுகூடத் தெரியாமலா பெட்டி செய்தீர்கள் என்பதுபோல என்னைப் பார்த்தாள். மேலே ஆள் இருந்த காலத்தில் கீழே இரண்டு மணி அடித்தால், மேலேயிருந்தும் பதிலுக்கு இரண்டு மணி வருமாம். பதில் மணி வந்தால்தான் ஓடப்போகிறது என்று அர்த்தம். வராவிட்டால், கேட்டதா என்று விசாரிக்க ஒரு மணி அடிப்பார்கள். ரோப் நிற்கும்போது ஒரு மணியால் ஒரு கெடுதலும் இல்லையே, அது நில் என்பதுதானே. பெட்டி வந்த பிறகு வெயில் காலத்தில் மேலே ஊதுகிற சைரன் பள்ளம்வரை கேட்டிருக்கிறது. அதையே பதில் மணி என்று எல்லாரும் எடுத்துக்கொண்டார்கள். மழை பிடித்ததும் தகரக் கூரை இரைச்சலில் சைரன் கேட்கவில்லை. அவன் பழைய வழக்கப்படி ஒரு மணி அடித்து விசாரித்தான். பெட்டி அதை மூன்று என்று கூட்டியது. ஏறப்போகிறது என்று கூண்டுக்குப் பின்னால் ஒதுங்கி நின்றவள்மேல் கூண்டு பின்பக்கமாக வந்தது.

அந்த எஸ்டேட்டில் அத்தனை பேருக்கும் தெரிந்த வழக்கம். மேனேஜருக்கு மட்டும் தெரியாது, ஏனென்றால் அவர் கீழே இறங்கியதே இல்லை. அவர் சொன்னதைக் கேட்டு எழுதியவருக்கும் தெரியாது. இந்த லட்சணத்தில் காகிதம் பிரமாதமாம்.

மத்தியானம் விசாரணை மறுபடி கூடியபோது நான் வாயைத் திறந்தேன். ஆனால் மணிக்காரனுக்காகப் பேசவில்லை. பேசியிருந்தால் என்னையும் பார்த்துச் சிரித்திருப்பார்கள். பெட்டிமேல் யாருக்கும் சந்தேகம் வரக்கூடாது, அதனால் சாரே கொட்டகைக்கு வந்து தன் கையால் மணி அடித்துக் காட்டிவிட்டால் விஷயம் தெளிவாகிவிடும் என்றேன். நம் ஆளுக்கு அந்த யோசனை மிகவும் பிடித்துப்போயிற்று. மேனேஜர் முன்னால் தன் பெட்டியை ஓட்டிக் காட்டுவதென்றால் சும்மாவா? அட்டையைக்கூட மறந்துவிட்டார். முழங்காலுக்குப் புகையிலைத் தண்ணீர் தடவிக்கொண்டு மேனேஜரும் முதல்முறையாகப் பள்ளத்துக்கு இறங்கினார்.

கொட்டகையில் மழை தகரத்தைப் பிய்த்துக்கொண்டு அடித்தது. எதிரில் மூடுபனி, பத்தடிக்கு மேல் கம்பி தெரியவில்லை. முட்டுக்கட்டையின் மேல்பக்கம் பிளந்திருந்தது. கூண்டுக்குப் பின்னால் ஒரு ஈகூட நிற்காதபடி எல்லாரையும் நான் முன்பக்கம் விலக்கி நிறுத்தினேன். அவர் அட்டவணையை எடுக்கப் பையைத் திறந்தார். மழையில் நனைந்துவிடும், என்னிடம் இருக்கட்டும் என்று வாங்கிக்கொண்டேன். மூட்டை ஏற்றி அனுப்புகிறவன் எப்படி அடிப்பானோ அப்படி அடியுங்கள், அது போதும் என்றேன். காகிதம் கையில் இல்லாவிட்டால் அவர் யார் என்று எனக்குத் தெரியும்.

அவர் இரண்டு மணி அடித்தார்.

ஒன்றும் நடக்கவில்லை. மேலே சைரன் ஊதிக்கொண்டுதான் இருந்திருக்கும். மழையில் எங்களுக்குக் கேட்கவில்லை. ரோப் அசையவில்லை. மேனேஜர் அவரைப் பார்த்தார். அவர் கம்பியைப் பார்த்தார். குமாஸ்தா லேசாகக் கனைத்தான். இந்த ஒரு தடவை மட்டும் பொறுமையாக இருந்து தொலைத்துவிட்டால், ஒரு குடும்பம் தெருவுக்கு வரும். அவர் மறுபடி மேனேஜரைப் பார்த்தார், உதட்டைக் கடித்தார், கை பொத்தானுக்குப் போயிற்று. ஒரு மணி அடித்தார்.

கம்பி ஒரு வெட்டு வெட்டியது. கூண்டு பின்பக்கமாகப் பாய்ந்து, பிளந்திருந்த முட்டுக்கட்டையில் மோதி நின்றது. கட்டையின் மிச்சமும் தெறித்தது. மேனேஜர் குடையைப் போட்டுவிட்டுக் கொட்டகைக் கம்பத்தைக் கட்டிப் பிடித்துக்கொண்டார். என்ன அடித்தீர்கள், மூன்றா அடித்தீர்கள் என்று அங்கிருந்தபடியே மேனேஜர் கேட்டார். நம் ஆளுக்கு முகம் வெளிறிப்போயிருந்தது.

"நான் மூணு அடிக்கலை. ரெண்டு அடிச்சேன். கேட்டுதோ இல்லையோன்னு பின்னே ஒண்ணு அடிச்சேன், அவ்வளவேதான் உள்ளு."

மேனேஜர் உடனே தலையை ஆட்டினார். அப்படியானால் பெட்டியில்தான் ஏதோ கோளாறு என்றார். இரண்டும் ஒன்றும் எவ்வளவு என்று அவர் கேட்கவில்லை. குடித்திருக்கிறீர்களா என்றும் கேட்கவில்லை. காலையில் ஒரு வாயிலிருந்து வந்தபோது கேலிக்கூத்தாக இருந்த வாக்கியம், மத்தியானம் இன்னொரு வாயிலிருந்து வந்ததும் தொழில்நுட்பமாகிவிட்டது. என்னால் அதற்குமேல் அடக்கிக்கொள்ள முடியவில்லை.

"ஏனுங்க சார், காத்தால இதையவேதானுங்க அவரு சொன்னாரு. அப்ப எல்லாரும் சிரிச்சீங்களே."

மேனேஜர் கீழே போட்ட குடையைத் தேடி எடுத்தார். மணிக்காரன் கொட்டகைக்கு வெளியே மழையில் நின்றான். ஒருவரும் அவனைத் திரும்பிப் பார்க்கவில்லை. மேனேஜர் குமாஸ்தாவிடம் விசாரணையை முடித்துவிடு என்று சொன்னதோடு சரி. வேலை போகவில்லை, லயமும் போகவில்லை. மன்னிப்பு என்ற சொல் அந்த மலையில் கீழிருந்து மேலே மட்டும் போகிற ஒன்று, ரோப்பில் போகிற கொழுந்துபோல. நான் லயத்துக்குப் போய் அவன் மனைவியிடம் நடந்ததைச் சொன்னேன். அவள் அழவில்லை. இனி என் தோளைக் காட்டி என் புருஷனை எவன் குறை சொல்கிறான், பார்க்கிறேன் என்றாள். அவன் அதற்குள் பக்கத்து வீட்டு வாசலில் நின்று, பெட்டியைத் தானே ஒரு முறைப்பு முறைத்து உண்மையைக் கக்க வைத்ததாகக் கதை சொல்ல ஆரம்பித்திருந்தான். கொம்பனை விரட்டிய கதைக்கு அடுத்ததாக இனி அதுவும் ஓடும்.

பெட்டியைத் திருத்துவதாக ஒப்புக்கொண்டு திரும்பினோம். கீழே பதிலுக்கென்று தனியாக ஒரு மணி வைத்து, பெட்டியே பதில் மணி அடிக்கும்படி செய்ய வேண்டும். காத்திருக்கிற நேரத்தில் ஒரு மணி வந்தால் பேசாமல் நிற்க வேண்டும். குமுளியிலிருந்து இறங்குகிற பஸ்ஸில் நம் ஆளுக்கு முகத்தில் களை திரும்பிவிட்டது. மடியில் அட்டவணையை விரித்து, மூன்று நிலைக்குக் கீழே நான்காவதாக ஒன்றைச் சேர்த்தார்: "காத்திருக்கிறது". பம்பாயில்கூட யாருக்கும் தோன்றாத ஒரு புது நிலையைத் தான் கண்டுபிடித்திருப்பதாகச் சொன்னார். பழைய சோதனை அறிக்கையை வாங்கிப் பார்த்தேன். நான் அமுக்கியதற்கு எதிரே "ஆபரேட்டரின் தவறு" அப்படியே இருந்தது. விபத்து அறிக்கையிலும் மணிக்காரன் அடித்ததற்கு அதையேதான் எழுதியிருந்தார், கோடு போட்டு நீக்கவில்லை. அதே மணியை அதே இடைவெளியில் தான் அடித்ததற்கு மட்டும் "புதிய நிலை கண்டறியப்பட்டது" என்று எழுதியிருந்தார்.

"ஆபரேட்டரின் தவறு" என்ற அந்த இரண்டு வரியையும் கோடு போட்டு அடித்துவிட்டுக் காகிதங்களை அவர் மடியில் திரும்ப வைத்தேன். அவர் என்னை முறைத்தார். பஸ் கம்பம் ஸ்டாண்டில் நின்றது. இறங்கியவுடன் ஓட்டல் வாசலில் நின்று காபி என்றார். சர்வர் தலையாட்டிவிட்டு உள்பக்கம் திரும்பினான். அவன் திரும்பி முடிப்பதற்குள் மறுபடியும் காபி என்று கூப்பிட்டார்.